முடிச்சூரில் கிட்டிப்புள் சத்தம் எங்கே? விளையாடும் இடம் மாயம்!

தாம்பரம்,
முடிச்சூரில் ஒரு களவு நடந்து இருக்கிறது. போலீசில் யாரும் புகார் கொடுக்கவில்லை. நகை போகவில்லை, பணம் போகவில்லை. பிள்ளைகள் ஓடி ஆடிய மண் போய்விட்டது!

மாலை 5 மணிக்கு முடிச்சூர் பக்கம் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூட வேன்கள் வரிசையாக வரும். வாசல் வாசலாகப் பிள்ளைகளை இறக்கி விடும். புத்தக மூட்டையோடு உள்ளே போவார்கள். கேட் மூடிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் மீண்டும் கேட் திறக்கும். விளையாடவா? இல்லை, டியூஷனுக்கு! அது முடிந்தால் கையில் செல்போன். அதோடு பொழுது முடிந்தது.

உத்தி பிரித்த காலம்

15, 20 வருடங்களுக்கு முன்பு இதே ஊரில் இதே நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். காலி மனை எல்லாம் மைதானம்தான். ஒரு பக்கம் கிட்டிப்புள். ஒரு பக்கம் கோலி, பம்பரம். வாசலில் பெண் பிள்ளைகள் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவார்கள்.

ஆட்டத்துக்கு ஆள் பிரிப்பதே ஒரு கலை. இரண்டு இரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள். 'நீ மாம்பழம், நான் பலாப்பழம்' என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" என்று தலைவனிடம் கேட்பார்கள். இதுதான் உத்தி பிரிப்பது. பாரபட்சத்துக்கு இடமே இல்லை!

கிரிக்கெட் என்றால் சுவரில் கரிக்கோடுதான் ஸ்டம்ப். பந்து காம்பவுண்டுக்கு உள்ளே போனால் 'அவுட்'. அடித்தவன்தான் சுவர் ஏறிக் குதித்து எடுத்து வரணும். இந்தச் சட்டத்தை எழுதியது யார்? பிள்ளைகளேதான். அம்பயர் கிடையாது, கோச் கிடையாது. சண்டை வரும், கட்டிப் புரள்வார்கள். மறுநாள் ஆள் குறைகிறதே என்று அவர்களே சமாதானம் ஆவார்கள். இந்தச் செய்தியை எழுதுகிறவனும் அப்படிக் கத்திப் புரண்டவன்தான். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

களவாடியது யார்?

ஒருவர் மேல் மட்டும் பழி போட முடியாது. வயலாக இருந்த இடம் மனை ஆனது. மனை வீடானது. வீடு அடுக்குமாடி ஆனது. சொந்த மனையில் வீடு கட்டுவது குற்றம் இல்லையே!

சரி, தெருவாவது மிஞ்சியதா? அங்கே இரண்டு பக்கமும் கார், மோட்டார் சைக்கிள். நடுவில் தண்ணீர் லாரி. முடிச்சூர் ரோட்டில் பெரியவர்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறார்கள். பக்கத்தில் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. 2024-ல் ஆம்னி பஸ்களுக்குத் தனி நிலையமும் வந்துவிட்டது. வசதிகள் வரட்டும். ஆனால், "தெருவுல விளையாடிட்டு வர்றேம்மா" என்று பையன் கேட்டால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? தாய், தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், மின்சார ரெயிலில் தாம்பரம் வந்து இறங்கி வீடு சேர ராத்திரி 8 ஆகிவிடும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பரில்தான். பாடத்துக்காகக் கைக்கு வந்த செல்போன், பிறகு கையை விட்டுப் போகவே இல்லை.

காசு இருப்பவர்களுக்கு வழி உண்டு. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி, வலை போட்ட பச்சை விரிப்பில் பந்து உதைக்கலாம். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

வெள்ளம் சொன்ன பாடம்

2015-ம் ஆண்டை முடிச்சூர் மறக்காது. நவம்பரிலும் டிசம்பரிலும் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீர் அடையாற்றில் பெருகி வந்தது. மக்களைப் படகில் மீட்டார்கள். வயலும் வெறும் மண்ணும் இருந்த காலத்தில் தண்ணீர் அங்கே நின்று ஊறும். சிமெண்டு தரையில் எங்கே ஊறுவது? பிள்ளைகளின் இடமும் தண்ணீரின் இடமும் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்தே போய்விட்டன.

கண்ணாடி போட்ட பிஞ்சுகள்

விளையாட்டுதானே, போனால் போகட்டும் என்று விடக்கூடாது. சீனாவில் குவாங்சு நகரில் 12 பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் 1-ம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். 3 வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 100-க்கு சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்து இருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்குத்தான்! முடிவு 2015-ல் வெளியானது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. வெளிச்சம் மட்டும்தான் வைத்தியம்.

5 வயது முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் 10-க்கு 8 பேர் அப்படி அசைவது இல்லை என்று 2019-ல் அதுவே அறிவித்தது. இது உலகம் முழுவதற்குமான கணக்கு.

10-ல் ஒரு பங்கு

சட்டம் சும்மா இல்லை. சென்னைப் பெருநகர எல்லையில் 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 2½ ஏக்கருக்கு மேல் மனை போட்டால், ரோடு நீங்கலாக உள்ள இடத்தில் 10 சதவீதத்தைப் பொது மக்களின் பொழுதுபோக்குக்காக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த விதியை எதிர்த்துச் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஓட்டையும் இருக்கிறது. சிறிய மனைப்பிரிவு என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டிவிடலாம். பணத்தில் பிள்ளை விளையாட முடியுமா? அங்கீகாரமே இல்லாமல் போட்ட மனைகள் வேறு. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டு வந்தது. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தத் தெருக்களுக்கு மைதானம் வரவில்லை.

பத்திரத்தை எடுங்கள்!

வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பீரோவில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். கூட இருக்கும் மனை வரைபடத்தை விரியுங்கள். 'பூங்கா', 'பொது உபயோகம்' என்று எங்காவது எழுதி இருக்கிறதா? இருந்தால், நேரில் போய்ப் பாருங்கள். அங்கே குப்பை கிடக்கிறதா? லாரி நிற்கிறதா? பூட்டுத் தொங்குகிறதா? உடனே எழுதிக் கொடுங்கள். ஊராட்சி ஆனாலும் சரி, மாநகராட்சி ஆனாலும் சரி, அது ஊர்ப் பிள்ளைகளின் சொத்து. திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள்.

இன்னொரு சங்கதி. இடத்தை மீட்டால் அழகான பூங்காதான் கட்ட வேண்டும் என்பது இல்லை. கட்டினால் நடைபாதை போடுவார்கள்; பிறகு 'பந்து விளையாடக் கூடாது' என்று போர்டும் வைப்பார்கள். பெரியவர்கள் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மூலையை மட்டும் வெறும் மண்ணாக விட்டு விடுங்கள்.

கோடு கிழிப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.