மோகன் பகானைத் தள்ளலாமா? ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்குள் நடந்த சண்டை

கொல்கத்தாவுக்கு வேலைக்குப் போகும் தமிழரிடம் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்கப்படும். "நீங்கள் எந்தப் பக்கம்? மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதைக்கூடச் சொல்லாமல் இருந்துவிடலாம். இதைச் சொல்லாமல் தப்ப முடியாது.

மோகன் பகான் 1889-ல் பிறந்தது. 1911-ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாள அணியை ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியில் தோற்கடித்த பழம்பெருமை அதற்கு உண்டு. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரை ஒரு கிளப் ஓரங்கட்டியதாகவும், அந்தக் கோபத்தில் வெளியேறியவர்கள் இதைத் தொடங்கியதாகவும் சொல்வார்கள். பச்சை-அரக்கு ஜெயித்தால் வீட்டில் இறால் குழம்பு. சிவப்பு-மஞ்சள் ஜெயித்தால் ஹில்சா மீன்.

தென்னாட்டாருக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் நின்ற அப்பாராவ், தன்ராஜ், வெங்கடேஷ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தெற்கிலிருந்து போனவர்கள். "பஞ்ச பாண்டவர்" என்றுதான் அவர்களுக்குப் பெயர்.

இப்படிப்பட்ட இரண்டு கிளப்புகளில் ஒன்று, தேசிய லீக்கிலிருந்தே தூக்கி எறியப்படும் நிலை 2012-ல் வந்தது. அப்போது எதிரி ரசிகர்கள் இனிப்பு வழங்கிக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? சிலர் கொண்டாடத்தான் செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். அந்தக் கதைதான் இது.

அன்று நடந்தது

2012 டிசம்பர் 9. சால்ட் லேக் ஸ்டேடியம். ஐ லீக் போட்டி. இடைவேளைக்குச் சற்று முன் ஈஸ்ட் பெங்காலின் கப்ரா ஒரு கோல் போட்டார். அடுத்த சில நிமிஷங்களில் நடுவருடன் தகராறு செய்ததாக மோகன் பகானின் நட்சத்திரம் ஒடாபா வெளியே அனுப்பப்பட்டார். காலரியில் கொந்தளிப்பு. எங்கிருந்தோ பறந்து வந்த கல், மோகன் பகான் வீரர் ரகீம் நபியின் முகத்தைத் தாக்கியது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

இந்த நபி அதற்கு முன் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர். இரண்டு கூட்டமும் ஒரு காலத்தில் கைதட்டிய முகம் அது.

இடைவேளை முடிந்தது. ஈஸ்ட் பெங்கால் வந்து நின்றது. மோகன் பகான் வரவில்லை. தங்கள் வீரர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் அத்தோடு நின்றது.

ஓய்வு பெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி அசோக் கங்குலி விசாரித்தார். அணி ஆட வராததில் அவர் நியாயம் காணவில்லை. டிசம்பர் 29-ம் தேதி தீர்ப்பு வந்தது. மோகன் பகானுக்கு ஐ லீக்கில் 2 ஆண்டுத் தடை. தடை முடிந்து வந்தாலும் இரண்டாம் பிரிவிலிருந்துதான் ஏறி வரவேண்டும் என்ற பேச்சும் பரவியது. கிளப் முறையீடு செய்தது.

டீக்கடை விசாரணை

அன்றிலிருந்து இரண்டு வாரம் மைதானத்து டீக்கடைகளிலும் ஆபீஸ் கான்டீன்களிலும் புறநகர் ரெயில் பெட்டிகளிலும் இதே வழக்குதான். மண் குவளை காலியாகும், வாதம் காலியாகாது.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களில் ஒரு சாரார் சட்டம் பேசினார்கள். ஆட மறுத்தால் தடை என்று விதியில் இருக்கிறது. அந்த விதியை ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் லீக்கில் சேர்ந்தார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவன் பழைய ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை என்பதற்காகப் பரிசோதகர் விட்டுவிடுவாரா? இதே காரியத்தை ஏதாவது ஒரு சின்ன அணி செய்திருந்தால் அதன் முறையீட்டை யாராவது பிரித்துப் படித்திருப்பார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியில் உண்மை இருக்கிறது. மகிந்திரா யுனைடெட் 2010-லும், ஜே.சி.டி. 2011-லும் அணியையே கலைத்தபோது நாடு ஒரு பெருமூச்சோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

எதிர் சாரார் கல்லைப் பற்றிப் பேசினார்கள். கல் விழுந்தது பொய்யா? 1980 ஆகஸ்டு 16 மறந்துபோயிற்றா? அன்று ஈடன் கார்டனில் இதே இரண்டு கிளப்புகளும் ஆடியபோது ஏற்பட்ட ரகளையிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைவாக ரத்ததானம் செய்யும் ஊர் இது. காலரியில் கலகம் மூளும்போது ஒரு அணி பயந்தது என்றால் அது நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

இதற்குச் சட்டக்காரர்களிடம் பதில் இருந்தது. பயம் என்றால் கல் விழுந்த நிமிஷமே போயிருக்க வேண்டும். இடைவேளை வரை ஆடினார்களே! ஒரு கோல் பின்தங்கி, பத்துப் பேராக ஆன பிறகுதானா பாதுகாப்பு நினைவுக்கு வந்தது?

மூன்றாவது கூட்டம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் வயதானவர்கள். இவர்கள் வருத்தம் வேறு. 1975-ல் ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று அடித்ததை வாழ்நாள் சொத்தாக வைத்திருப்பவர்கள். இப்போது வந்தது ஆட்டத்தில் வந்த வெற்றி அல்ல. 3-0 என்று காகிதத்தில் வந்தது. முன்னிலையில் இருந்தோம், மைதானத்திலேயே ஜெயித்திருப்போம், அதையும் கெடுத்துவிட்டார்களே என்பது அவர்கள் ஆத்திரம். இரண்டு வருஷம் மோகன் பகான் இல்லாத லீக்கில் யாரை எதிர்த்துக் கத்துவது? ஹில்சா வாங்குவதற்கே காரணம் இருக்காதே!

இது வேடிக்கைப் பேச்சு மட்டும் அல்ல. டெர்பி நாளில்தான் கூட்டம் திரளும். கிளப்புகளின் வரும்படி மட்டுமல்ல, முறுக்கிய காகிதத்தில் ஜால்முரி விற்பவன், கொடி தைப்பவன், டீ ஆற்றுபவன் எல்லோருடைய வரும்படியும் அதில் இருக்கிறது. ஆட்டக்காரர்களையும் நினைக்க வேண்டும். சீசனின் பாதியில் கிளப்புக்குத் தடை என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? மைதானத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்று முடிவு எடுத்தபோது அந்த மூன்றாம் வரிசை ஆட்டக்காரனை யார் கேட்டிருப்பார்கள்? தண்டனை மட்டும் அவனுக்கும் சேர்த்துத்தான். மேலே எடுத்த முடிவுக்குக் கீழே சம்பளம் நிற்பது என்ன என்று குமாஸ்தாக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாதித் தண்டனை

2013 ஜனவரி 15. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் செயற்குழு கூடியது. தடை நீங்கியது. 2 கோடி ரூபாய் அபராதம். அதுவரை பெற்ற புள்ளிகள் அத்தனையும் பறிமுதல். பூஜ்யத்திலிருந்து ஆடு என்று சொல்லிவிட்டார்கள்.

பணம் இருக்கிற கிளப், கட்டிவிட்டது என்றார்கள் சட்டக்காரர்கள். அது நியாயமான குத்தல்தான். இரண்டு கோடி கேட்டால் இழுத்து மூடவேண்டிய அணிகளும் அதே லீக்கில் இருந்தன. ஆனால் பூஜ்யம் என்பது லேசான தண்டனை அல்ல. மற்றவர்கள் பாதித் தூரம் ஓடிய பிறகு புறப்பட்டு, கடைசி இடங்களுக்குக் கீழே விழாமல் தப்ப வேண்டும். பாக்கி ஆட்டம் ஒவ்வொன்றையும் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தங்கள் அணி ஆட்டத்தைவிடக் கவனமாகப் பார்த்தார்கள் என்றால் மிகையில்லை. மோகன் பகான் தப்பித்தது. அந்த ஆண்டு கோப்பை கோவாவின் சர்ச்சில் பிரதர்சுக்குப் போனது. 2015 மே 31-ல் பெங்களூரில் கடைசி ஆட்டத்தைச் சமன் செய்து மோகன் பகானே ஐ லீக் சாம்பியன் ஆனது.

"பார்த்தீர்களா, அன்றே தள்ளியிருந்தால் இந்தக் கோப்பை உண்டா?" என்று சட்டக்காரர்கள் மறுபடி கிளம்பினார்கள்.

வழக்கு அதோடும் முடியவில்லை. 2016-ல் மிசோரமின் ஐஸ்வால் அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அதுவும் முறையிட்டது. பெரிய பெயர் இல்லை, பெட்டியில் பணம் இல்லை. கோவா கிளப்புகள் லீக்கிலிருந்து விலகியதால் இடம் காலியாகி, அதற்குத் திரும்ப வழி கிடைத்தது. அடுத்த சீசனில், 2017 ஏப்ரல் 22-ம் தேதி, அந்த ஐஸ்வால் தன் ஊர் மைதானத்தில் மோகன் பகானை 1-0 என்று வீழ்த்தியது. சீசன் முடிவில் ஐஸ்வாலுக்கு 37 புள்ளி, மோகன் பகானுக்கு 36. கோப்பை மலை ஏறியது.

2020-ல் இரண்டு கொல்கத்தா கிளப்புகளும் ஐ லீக்கை விட்டு ஐ.எஸ்.எல். போட்டிக்குப் போய்விட்டன. ஆனாலும் டீக்கடையில் பழைய வழக்கு வரும்போது, ஈஸ்ட் பெங்கால்காரர் ஒரு கேள்வியை எடுத்து வைப்பார். தள்ளப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கக்கூடாது என்றால், 2017 கோப்பை யாருக்கு வந்திருக்கும்? எதிரே இருக்கும் மோகன் பகான்காரர் பதில் சொல்லமாட்டார். டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவார்.