அக்ரிமென்ட்டைப் படித்த பாதிரியார்

எனக்கு சொந்த ஊர் இருக்கன்குடி. ஆடி கடைசி வெள்ளிக்கு வந்தவங்களுக்கு மாரியம்மன் கோவில் கூட்டம் தெரியும். சாதாரண நாள்ல வந்தா, விடியறதுக்கு முன்னாடியே பட்டாசு ஆலை வேன் ஆட்களை ஏத்திட்டுப் போறதைப் பார்க்கலாம். எங்க பக்கம் வெடிவிபத்து நடந்தா, சாயங்காலமே டிவியில நிவாரணத் தொகை வந்துடும். அதோட அந்தச் செய்தி முடிஞ்சுடும். உண்மையிலேயே நிவாரணம்னா அவ்வளவுதானா?

இதை யோசிக்கும்போதுதான் சி. எஃப். ஆண்ட்ரூஸ் பற்றிப் படித்தேன். 1871-ல் இங்கிலாந்தில் பிறந்த ஆங்கிலிகன் பாதிரியார். 1904-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1914 ஜனவரியில், கோகலே கேட்டுக்கொண்டதால் தென்னாப்பிரிக்கா போனார். டர்பன் துறைமுகத்தில் காந்தியைப் பார்த்ததும் குனிந்து அவர் காலைத் தொட்டார். ஒரு வெள்ளைக்காரர் இப்படிச் செய்யலாமா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்தார்கள். அவர் கண்டுக்கவே இல்லை. காந்திக்கும் ஸ்மட்ஸுக்கும் நடந்த சமாதானப் பேச்சில் கூட இருந்து உதவினார்.

அடுத்து ஃபிஜி. கரும்புத் தோட்ட வேலைக்கு 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1903-க்குப் பிறகு நம்ம தமிழ் ஆட்களும் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அக்ரிமென்ட் என்ற வார்த்தைதான் அவங்க வாயில் 'கிர்மிட்' ஆனது.

1915 கடைசியில் ஆண்ட்ரூஸும் நண்பர் பியர்சனும் அங்கே போனார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லைன்களுக்கே போய் அவர்களிடம் பேசினார்கள். அந்த ஒப்பந்தத்தையும் வரி வரியாக ஆராய்ந்தார்கள். ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். வேலைக்கு வராவிட்டால் கூலி மட்டும் போகாது, அது கிரிமினல் குற்றம். அபராதம், சிறை வரை போகும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில்தான் ஆள் எடுத்தார்கள். தற்கொலையும் கொலையும் அங்கே ஏன் அவ்வளவு அதிகம் என்பதற்கு, தொழிலாளர்களின் குணத்தைக் குறை சொல்லாமல், இந்த முறையைத்தான் இருவரும் காரணமாகக் காட்டினார்கள்.

1916-ல் அந்த ரிப்போர்ட் வெளியானது. இந்தியாவில் எதிர்ப்பு வலுத்தது. 1917-ல் ஆள் பிடிப்பது நின்றது. ஆண்ட்ரூஸ் விடாமல் மறுபடி ஃபிஜி போனார். 1920 ஜனவரி 1-ல் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

நேரடி நிவாரணத்தையும் அவர் விடவில்லை. 1921-ல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர்கள் சாந்த்பூரில் காலராவில் சிக்கியபோது, அவர்களோடு இருந்து வேலை பார்த்தார். மக்கள் அவரை 'தீனபந்து' என்றார்கள். ஏழைகளின் உறவினர் என்று அர்த்தம். 1940-ல் கல்கத்தாவில் இறந்தார்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். நாலு வருஷமா ப்ராஜெக்ட்டுக்கு ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் எழுதுறோம். அடுத்த விபத்துச் செய்தி வரும்போது, தொகையைப் படிச்சிட்டு ஸ்க்ரோல் பண்ணாம ரெண்டு மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தாங்க? ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தாங்களா? வேலைக்குப் போனவங்க முன்பணம் வாங்கியிருந்தாங்களா, அதனால வரலைன்னு சொல்ல முடியாமப் போச்சா?

அந்த வேன்ல போறவங்க எனக்கு அத்தை, சித்தி முறை. அவங்களோட கிர்மிட்டை யாராவது உட்கார்ந்து படிக்கணும். நம்மில் ஒருத்தர் படிக்கலாமே.