ஈரிறகு விமானமும் அதன் கம்பிகளும்

ஆகாய விமானங்களின் சிற்றுருவங்களைச் செய்து பழகுவோர் பலரும் ஈரிறகு விமானத்தைக் கண்டால் சற்றே தயங்குவர். இறகுகளை ஒட்டி வர்ணம் பூசுதல் எளிது. மேலிறகுக்கும் கீழிறகுக்கும் இடையே மயிரிழை போன்ற கம்பிகளைக் கட்டுதலே அரிது. ஆதலின் சிலர் கம்பிகளை அறவே விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் மனம்போனவாறு கட்டிவிடுகின்றனர். இரண்டும் பிழையென்பது நமது கருத்து. கம்பியின் வேலை இன்னதென்று அறிந்தவனே அதைச் செவ்வையாகக் கட்ட வல்லான். ஆகவே, வேலையை முதலிலும் கட்டும் முறையைப் பின்னரும் ஒருவாறு விளக்குவோம்.

அமெரிக்காவில் இருப்புப் பாதைகளும் பாலங்களும் அமைத்துப் பேர்பெற்ற ஆக்டேவ் ஷனூட் என்னும் என்ஜினீயர், 1896-ஆம் ஆண்டில் மிச்சிகன் ஏரிக்கரை மணல் மேடுகளில் யந்திரமில்லாத ஈரிறகு விமானம் ஒன்றைச் சோதித்தார். 1844-இல் பிராட் என்னும் தந்தையும் மகனும் உரிமை பெற்றிருந்த பாலச் சட்ட முறையையே அவர் இறகுகளுக்கு அமைத்தார். அம்முறையில் நேராக நிற்கும் கால்கள் அமுக்கத்தைத் தாங்கும். குறுக்கே சாய்ந்து செல்லும் கம்பிகள் இழுப்பைத் தாங்கும். 1903 டிசம்பர் 17-இல் பறந்த ரைட் சகோதரர் விமானமும் இவ்வகைக் கட்டே உடையது. மெல்லிய மரமும் துணியுமாகிய இறகுகள் இரண்டும் சேர்ந்து ஒரு பாலமாக நின்றமையாலேயே மனிதனைச் சுமக்க வல்லவாயின.

விமானம் பறக்கையில் காற்று இறகுகளை மேல்நோக்கி உந்தும். அப்போது அவை மடிந்துவிடாமல் காப்பவை பறப்புக் கம்பிகள். இவை கீழே உடலருகில் தொடங்கி, வெளிப்புறக் காலின் மேல்முனையில் முடியும். விமானம் தரையில் நிற்கையில் இறகுகள் தம் பாரத்தால் தொங்க முயலும். அதைத் தடுப்பவை இறங்கு கம்பிகள். இவை மேலே நடுவில் தொடங்கி, வெளிப்புறக் காலின் அடியில் முடியும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே பெருக்கற் குறிபோல் செல்பவை இறகு முறுகாமல் காப்பவை.

1917-இல் போர்முனைக்கு வந்த ஸாப்வித் காமெல் விமானத்தில் பறப்புக் கம்பிகள் இரட்டையாகவும், இறங்கு கம்பிகள் ஒற்றையாகவும் இருக்கும். ஆகாயத்தில் ஒரு கம்பி குண்டு பட்டு அறுந்தாலும் மற்றொன்று தாங்கவேண்டுமன்றோ? இதற்கு மாறாக, 1918-இல் வந்த ஃபோக்கர் டி.7 விமானத்தின் தடித்த இறகுகள் தம் உள்வலிமையாலேயே நின்றன; அவற்றினிடையே கம்பியே இல்லை. இதை அறியாது அதற்குக் கம்பி கட்டுவோன் உழைத்துப் பிழை செய்கிறான்.

இனிக் கட்டும் முறை. 5 மில்லிமீட்டர் கம்பி, 72-இல் ஒரு பங்கு உருவத்தில் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டராகும், 48-இல் ஒரு பங்கில் 0.1 மில்லிமீட்டர். எனவே, மீன் பிடிப்போர் கையாளும் தங்கூசி நரம்பில் மிக மெல்லியதையே தேடவேண்டும். இறகுகளைப் பொருத்துமுன் கம்பி சேருமிடங்களில், விரலால் சுழற்றும் சிறு துறப்பணங்கொண்டு 0.3 மில்லிமீட்டர் துளையிடுக. வர்ணம் பூசும் வேலை யாவும் முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். நரம்பின் ஒரு நுனியை மேலிறகின் துளையில், நொடியில் இறுகும் பசையால் ஒட்டுக. இறகுகளைப் பொருத்தி உலர்ந்தபின், மறுநுனியைக் கீழிறகின் துளை வழியே வெளிக்கொணர்ந்து, அதில் ஒரு துணிக் கவ்வியைத் தொங்கவிடுக. அப்பாரம் நரம்பை நேராக நிறுத்தும். ஊசிமுனையால் ஒரு துளி பசையிட்டு, இறுகியபின் மிச்சத்தைக் கத்தியால் நறுக்குக. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் செல்லுதல் நன்று. இல்லையேல் முன்கட்டிய கம்பிகள் கைக்குத் தடையாகும்.

தளர்ந்த நரம்பினருகே புகையும் ஊதுவத்தியைச் சற்றே காட்டினால் அது சுருங்கி நேராகும், தீண்டினாலோ அறுந்துவிடும். இழுப்பு மிகுதலும் ஆகாது. நாம் முதன்முதற் செய்த உருவத்தில் வலப்பக்க நரம்புகளை வீணைத் தந்திபோல் முறுக்கினோம். மறுநாட் காலையில் அவ்விறகு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தது. பல வாரத்து உழைப்பு வீணாயிற்று. எனினும் அத்தவற்றால் ஓர் உண்மை விளங்கிற்று.

மெய்யான விமானத்திலும் அவ்வாறே நிகழும். ஒரு பக்கத்துக் கம்பி மிகையாக இறுகினால் இறகு முறுகும். விமானம் ஒரு புறமாகச் சாயும். ஆகவேதான் ஒவ்வொரு கம்பியின் இழுப்பையும் அளந்து திருத்துவதற்கென்றே தொழிலாளர் இருந்தனர். பறந்தவர் பெயரை உலகம் அறியும். கம்பி திருத்தியவர் பெயரை அறியாது. ஆயினும் பறந்தவர் உயிர் இவர்தம் விரல்களில் இருந்தது. மேசைமீது நிற்கும் சிற்றுருவத்தில் ஒரு கம்பியை அதற்குரிய இடத்தில், உரிய அளவில் கட்டும்போது, அப்பெயரறியாதார் செய்த வேலையின் அருமையைச் சிறிதேனும் நம் விரல்கள் உணரும்.