அமெரிக்க விவசாயிக்குக் கைகொடுக்கும் மண் பாதுகாப்பு மாவட்டங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆன்சன் கவுண்டி என்ற பகுதியில், பிரவுன் ஓடை என்னும் சிற்றோடையின் பெயரால் 1937 ஆகஸ்டு 4 ஆம் தேதி அந்நாட்டின் முதல் மண் பாதுகாப்பு மாவட்டம் ஏற்பட்டது. இன்று இத்தகைய மாவட்டங்கள் அங்கே சுமார் 3,000 உள்ளன. மாவட்டம் என்றதும் கலெக்டர் அலுவலகத்தை நினைத்துவிட வேண்டாம். மாநிலச் சட்டப்படி அமைந்து, அந்தந்தப் பகுதியின் நிலச் சொந்தக்காரர்களும் விவசாயிகளும் முன்னின்று நடத்தும் சிறு அமைப்பு இது. நிர்வாகக் குழுவில் பெரும்பாலும் ஐந்து பேர் இருப்பார்கள். வட கரோலினாவில் மூவர் தேர்தல் மூலமும் இருவர் நியமனம் மூலமும் வருகின்றனர்.

இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். அதே ஆன்சன் கவுண்டியில் பருத்தி விவசாயியின் மகனாகப் பிறந்தவர். 1905 இல் வர்ஜீனியா மாநிலத்தில் மண் ஆய்வு செய்தபோது, அடுத்தடுத்து இருந்த இரண்டு நிலங்களை அவர் கவனித்தார். சரிவும் மண் வகையும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் மரங்கள் நின்ற பகுதியில் மண் பொலபொலவென்று ஈரத்துடன் இருந்தது. பல காலம் உழுது பயிரிட்ட பகுதியிலோ இறுகிய களிமண்தான் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு மழையும் மேல் மண்ணைப் படலம் படலமாக வழித்துச் சென்றிருந்தது. நிலத்தில் பள்ளம் விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். இவ்வாறு சீராகத் தேயும் மண்ணின் இழப்போ, அடிமண் மேலே வந்து விளைச்சல் குறைந்த பிறகே விவசாயிக்குப் புலப்படுகிறது.

பென்னட் இதைப் பல ஆண்டுகள் சொல்லியும் பெரிதாகக் கேட்பார் இல்லை. 1930களில் கடும் வறட்சி வந்தது. புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்த மத்திய சமவெளிகளில் காற்று மண்ணை வாரி எடுத்தது. 1935 இல் அந்தப் புழுதி நெடுந்தொலைவு கடந்து தலைநகர் வாஷிங்டன் வரை வந்து வானத்தை மறைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, மத்திய அரசில் இதற்கென ஒரு துறையும் ஏற்பட்டது. 1994 முதல் அது இயற்கை வளப் பாதுகாப்புப் பணித்துறை எனப்படுகிறது.

ஆனால் தலைநகரில் இருக்கும் நிபுணர் சொன்னதற்காகத் தன் ஏர் போகும் திசையை மாற்றிக்கொள்ள எந்த விவசாயிதான் எளிதில் இசைவார்? எனவே 1937 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மாதிரிச் சட்டம் ஒன்றை மாநில கவர்னர்களுக்கு அனுப்பினார். உள்ளூர் மக்களே மாவட்டம் அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. நில உபயோகத்துக்குக் கட்டாய விதிகள் வகுக்கும் அதிகாரமும் அதில் இருந்தது. அதைப் பயன்படுத்திய மாவட்டங்கள் மிகச் சில. பக்கத்து நிலத்துக்காரர் மீது நடவடிக்கை எடுக்க யாருக்கு மனம் வரும்? பேசி இணங்கச் செய்வதே பழக்கமாயிற்று.

அழைத்தால் வருவார்கள்

நிலச் சொந்தக்காரர் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால், மண் வரைபடத்துடன் அலுவலர் வந்து நிலத்தை அவருடன் சுற்றிப் பார்க்கிறார். சரிவை அளந்து, மண்ணைத் துளைத்து ஆழம் பார்த்து, எந்தப் பகுதியைப் பயிருக்கும் எதைப் புல்லுக்கும் எதை மரத்துக்கும் விடலாம் என்று திட்டம் எழுதித் தருகிறார். இந்த ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஏற்பதும் விடுவதும் சொந்தக்காரர் விருப்பம். பல மாவட்டங்கள் வசந்த காலத்தில் மரக்கன்றுகளை விற்கின்றன. உழாமல் விதைக்கும் கருவியை ஏக்கர் கணக்கில் வாடகைக்குத் தருகின்றன. பெரும் விலையுள்ள அக்கருவியைச் சொந்தமாக வாங்க இயலாத சிறு பண்ணையாளருக்கு இது பேருதவி.

பரிந்துரைகளில் புல் வடிகால் முக்கியமானது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டால் மட்டும் போதாது. வரப்பில் சேரும் உபரி நீர் எங்கே இறங்கும் என்பதே கேள்வி. வழி விடாமல் போட்ட வரப்பு பெருமழையில் உடைந்து, வரப்பே இல்லாத நிலத்தைவிடப் பெரிய பள்ளம் பறித்துவிடும். ஆகவே நீர் இயல்பாக ஓடும் தாழ்வில் அகலமாகவும், தட்டுப் போல ஆழமின்றியும் வடிகால் வெட்டி, அதில் அடர்ந்த புல் வளர்க்கின்றனர். புல் வேர் பிடித்த பிறகே வரப்பு நீரை அதில் திருப்ப வேண்டும். உழும்போது வடிகாலைக் கடக்க நேர்ந்தால் கலப்பையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். டிராக்டர் போகும் பாதையாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சக்கரத் தடமே நீருக்கு வாய்க்காலாகிவிடும்.

செலவில் ஒரு பகுதியை மத்திய அரசுத் திட்டங்கள் ஏற்கின்றன. 1996 சட்டத்தின் கீழ் வந்த திட்டத்தில் முக்கால் பங்கு வரை உதவி உண்டு. வசதி குறைந்தோருக்கும் புதிதாக விவசாயம் தொடங்குவோருக்கும் 90 சதம் வரை கிடைக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கியவருக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. வேலை முடிந்து தணிக்கை ஆன பிறகே தொகை வரும் என்பதால், கையில் முதல் இல்லாதவர் தயங்குகிறார். இது நியாயமான குறையே. வசதி குறைந்தோர் முன்பணம் பெற இப்போது வழி இருக்கிறது.

விருப்பத்தை மட்டும் நம்பிய முறைக்கு 1970களில் சோதனை வந்தது. கோதுமை விலை ஏறியதும் பலர் காற்றுத் தடுப்பு மரங்களை வெட்டினர். பெரிய இயந்திரங்கள் திரும்ப இடைஞ்சல் என்று வரப்புகளையும் அழித்தனர். முப்பது ஆண்டு உழைப்பு சில பருவங்களில் போயிற்று. 1985 சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டது. எளிதில் அரிக்கும் நிலத்தில் பாதுகாப்புத் திட்டமின்றிப் பயிரிட்டால் அரசு மானியங்கள் கிடையாது என்றாயிற்று. அத்தகைய நிலத்தை 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் புல்லுக்கோ மரத்துக்கோ விடுபவருக்கு ஆண்டு வாடகையும் ஏற்பட்டது.

எல்லை வகுத்ததிலும் ஒரு சிக்கல். பெரும்பாலான மாவட்டங்கள் கவுண்டி எல்லையை ஒட்டியவை. நீர் அந்த எல்லையை அறியாது. நெப்ராஸ்கா மாநிலம் 1972 இல் தன் மாவட்டங்களை ஆற்றுப் படுகை வாரியாகத் திருத்தி அமைத்தது. இப்போது அங்கு 23 மாவட்டங்கள் உள்ளன. அவை சொத்து வரி வசூலிக்கலாம். நிலத்தடி நீர் இறைப்பையும் கட்டுப்படுத்தலாம்.

இன்று மாவட்ட அலுவலர்களுக்குக் கடினமாக இருப்பது குத்தகை நிலம். அயோவாவில் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் இருக்கிறது. சொந்தக்காரர் பலர் முதியவர்கள், வெளியூர்வாசிகள். ஆண்டுக்கு ஆண்டு குத்தகை புதுப்பிப்பவர், அடுத்த பருவம் தம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் வரப்புக்கும் வடிகாலுக்கும் செலவு செய்ய மாட்டார். எனவே சில இடங்களில் சொந்தக்காரர்களுக்கெனத் தனிக் கூட்டங்கள் நடத்துகின்றனர். பல ஆண்டுக் குத்தகைக்குச் சம்மதிக்கும்படியும், மூடுபயிர் விதைப்பதையும் புல் வடிகால் பராமரிப்பதையும் குத்தகைச் சீட்டிலேயே எழுதி, செலவில் யார் பங்கு எவ்வளவு என்று குறித்துவிடும்படியும் சொல்கின்றனர்.