கழற்றி எறிந்த பாகத்துக்குத்தான் கிராக்கி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை தோளில் சுமந்த எம்1 கேரண்ட் ரைஃபிளை வைத்திருக்கிறேன். அதைப் பழுதுபார்ப்பதும், சுடுகளத்துக்குக் கொண்டுபோய்ச் சுடுவதும் என் ஞாயிற்றுக்கிழமைகள். ஒஹாயோவில் எங்கள் தமிழ் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: சுமார் 54 லட்சம் செய்த துப்பாக்கிக்கு உதிரிபாகம் எப்படிக் கிடைக்காமல் போகும்?

நியாயமான கேள்வி. ஜான் கேரண்ட் வடிவமைத்த இந்த ரைஃபிளை ராணுவம் 1936-ல் ஏற்றது. ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவத் தொழிற்சாலையும் வின்செஸ்டரும் போர்க்காலத்தில் செய்து தள்ளின. 1957-ல் உற்பத்தி முடிந்தது. ஆனால் தட்டுப்பாடு அதனால் மட்டும் வந்ததல்ல. போர் முடிந்ததும் ராணுவப் பட்டறைகளில் நடந்த வேலைதான் அதற்கு வேர். ரைஃபிள்களை மொத்தமாகப் பிரித்துப் போட்டு, தேய்ந்ததை ஒதுக்கி, நல்லதைக் கைக்கு வந்தபடி மாட்டினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் உடலில் வின்செஸ்டர் போல்ட் ஏறியது இப்படித்தான். சிப்பாய்க்கு வேண்டியது சுடுகிற துப்பாக்கி. பட்டறைக்காரர்கள் செய்தது சரியான வேலை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பாகங்களோடு துப்பாக்கி வேண்டும் என்கிற சேகரிப்பாளர்களுக்கு அதுவே தட்டுப்பாடாகிவிட்டது.

பின்புறக் குறிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அதன் வலப்பக்கத் திருகில் ஒரு சின்னக் கட்டை இருந்தது. அதைத் தளர்த்தி, தூரத்துக்கு ஏற்பக் குறியைத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். சண்டைக்கு நடுவே யாருக்கு அந்தப் பொறுமை? பூட்டாமலே நிற்கும் புது அமைப்பு வந்ததும் பழையதைக் கழற்றி எறிந்தார்கள். அந்தக் கழிவுதான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்.

ஆப்பரேட்டிங் ராட் கதை இன்னும் கடுமை. குண்டைத் தள்ளிய வாயுவில் ஒரு பங்கு இந்த ராடைப் பின்னால் தள்ளும். அது போல்ட்டைத் திறந்து வெறும் தோட்டாக் கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். ராடின் குழாயும் கைப்பிடிப் பகுதியும் சேரும் மூலை கூராக இருந்ததால் அங்கே விரிசல் விட்டது. போருக்குப் பின் அந்த மூலையில் அரைவட்டமாக ஒரு வெட்டு வைத்தார்கள். பட்டறைக்கு வந்த ராடுகளில் பெரும்பாலானவை வெட்டுப்பட்டன. வெட்டுப்படாமல் தப்பியவை கொஞ்சம். விலை பல மடங்கு. அந்த வெட்டை வெல்டிங்கால் அடைத்து, அரம் போட்டு, கறுப்பேற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த மூலை உடையும் என்று ராணுவம் பயந்ததோ அதே மூலையைச் சூடேற்றிக் கெடுத்து, சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். இது எனக்கு ஆறாத கோபம்.

வரத்தும் சுருங்கிவிட்டது. ராணுவ உபரி ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிஎம்பி அமைப்புதான் பலருக்கு ஆதாரம். அங்கே விலையும் முன்பைவிட ஏறிவிட்டது. நேச நாடுகளுக்குக் கொடுத்தவை பிலிப்பைன்ஸிலிருந்து ஓரளவு திரும்பின. தென்கொரியா விற்க முன்வந்த பல்லாயிரம் கேரண்ட்களுக்கு 2010-ல் அமெரிக்க அரசே தடைபோட்டது.

இதனால் நடப்பது என்ன? முழு ரைஃபிளை விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கியைக் கூறுபோட்டு, ராட் ஒருவருக்கு, குறிகாட்டி ஒருவருக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். வாங்குகிறவர் அவற்றை மாட்டி ‘1943-ல் வந்த அதே துப்பாக்கி’ என்கிறார். அது 1943-ல் அப்படி இருந்ததே இல்லை. வெவ்வேறு தொழிற்சாலைப் பாகங்களோடு பட்டறையிலிருந்து வந்த கலப்பு ரைஃபிள்தான் நடந்த வரலாற்றை அப்படியே வைத்திருக்கிறது.

சுடுவதற்கு வேண்டுமானால் புதிய குழலும் வால்நட் கட்டையும் இன்றும் செய்து விற்கிறார்கள், தயங்காமல் வாங்குங்கள். ராட் வாங்கினால் அந்த மூலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கலப்பு ரைஃபிள் கையில் இருந்தால் தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள். ஒரு பாகத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றால், கழற்றியதை ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள்.