உஷார்! டிஸ்க் மாட்டிய பழைய காரில் ஒகேனக்கல் இறங்குகிறீர்களா?

அம்பாசடருக்கோ பத்மினிக்கோ புதிதாக முன் டிஸ்க் பிரேக் மாட்டிவிட்டு, "அடுத்த ஞாயிறு ஒகேனக்கல் போய் ஒரு ஆயில் மசாஜ், மீன் சாப்பாடு" என்று பிளான் போட்டிருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் அந்த மலைப்பாதைதான் உங்கள் பிரேக்குக்கு முதல் பரீட்சை என்றால், அதைவிட மோசமான இடம் கிடையாது. ஆடிப்பெருக்கு சமயத்தில் அதே வளைவுகளில் பஸ், வேன், மூன்று பேர் ஏறிய பைக் எல்லாம் வரிசை கட்டி நிற்கும்.

டிஸ்க் மாட்டும் ஆசையில் தப்பில்லை. 1953-இல் ஜாகுவார் லெமான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்ததிலிருந்து, டிரம்மைவிட டிஸ்க் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் என்பது ஊரறிந்த விஷயம். நம்மூர் மசில் கார் என்று இளவட்டங்கள் கொண்டாடும் கான்டெஸாவை ரீஸ்டோர் செய்கிறவர்களும், 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடருக்குப் புது இன்ஜின் ஏற்றுகிறவர்களும் பிரேக்கை நினைத்துக் கவலைப்படுவது நல்ல புத்திதான். கோளாறு எங்கே என்றால், புதுப்பேட்டையில் ஒரு ஜோடி டிஸ்க்கும் காலிபரும் பொறுக்கி, லேத் பட்டறையில் பிராக்கெட் அடித்து மாட்டிவிட்டு, "வேலை முடிஞ்சுது, நச்சுன்னு நிக்கும் பாருங்கண்ணே" என்று சாவியைக் கொடுப்பதில். மாற்றியது முன் சக்கரத்தில் இருக்கிற இரும்பை மட்டும். அதை இயக்குகிற ஏற்பாடு எல்லாம் டிரம் காலத்தது.

டிரம்முக்கு ஒரு ரகசியம் உண்டு. சக்கரம் சுழலும் வேகமே பிரேக் ஷூவை இழுத்து டிரம்மோடு இன்னும் இறுக்கும். பாதி வேலையைச் சக்கரமே செய்துவிடுகிறது. டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. பேடை அமுக்குவது முழுக்க முழுக்க உங்கள் காலும், பிரேக் ஆயிலின் அழுத்தமும்தான். கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் மாட்டினால் பெடல் கல் மாதிரி இருக்கும். ஓங்கி மிதிப்பீர்கள். அந்த அழுத்தம் பின் சக்கரத்துக்கும்தானே போகிறது? பின்னால் இருப்பதோ பழைய டிரம். முன் சக்கரம் முழுசாகப் பிடிப்பதற்குள் அது லாக் ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கித் திரும்பும். பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட்டார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெரும்பாலும் பதிலாக ஒரு சிரிப்புதான் வரும்.

அடுத்தது, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர். டிரம் வண்டியின் சிலிண்டரில், மிதித்த காலை எடுத்த பிறகும் பைப்பில் லேசாக அழுத்தத்தைத் தக்கவைக்கும் செக் வால்வு ஒன்று இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதே அழுத்தம் போனால் பேட் விடாமல் உரசிக்கொண்டே வரும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இறங்கி முன் ரிம் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கே போங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஐந்து பேர் ஏறிய அம்பாசடர் ஏறக்குறைய ஒன்றரை டன். அது நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது, பிரேக்கை மட்டுமே நம்பினால், ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு பிரேக்கில் இறங்கும். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் இப்படி. புது டாட் 3 பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழசாகி நீர் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் பைப்புக்குள் ஆவி. ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் மெத்தென்று தரை வரைக்கும் போகும். இரண்டு வருடமாக மாற்றாத ஆயிலோடு புது டிஸ்க்கில் இறங்குகிறவர் இதை மறக்க வேண்டாம்.

பூஸ்டர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் பெரிய எச்சரிக்கை. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியையும் ஆஃப் செய்து உருட்டுவது நம் ஊரில் பரம்பரைப் பழக்கம். பூஸ்டர் இல்லாத பழைய டிரம் வண்டியில் அப்படி இறங்கித் தப்பித்த தாத்தாக்கள் உண்டு. பூஸ்டரோ இன்ஜினின் வாக்குவத்தில் வேலை செய்வது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதியோடு அதன் சேமிப்பு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் பெடல் மரக்கட்டை. டீசல் வண்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை: டீசல் இன்ஜினில் அந்த வாக்குவம் தானாகக் கிடைக்காது, தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் இல்லாமல் பூஸ்டர் மட்டும் தொங்கினால் அது வெறும் தகர டப்பா.

ஹோஸையும் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி டார்ச் அடியுங்கள், பிறகு மறுபக்கம். ரப்பர் ஹோஸ் டயரையோ ரிம்மையோ எங்காவது தொட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது கிழிய இன்னும் சில வளைவுகள்தான் பாக்கி. காலிபர் பிராக்கெட்டில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால் அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் நேரத்தில் அது தலைவலி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது உத்தமம்.

ஒகேனக்கல் இருக்கும் இதே தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயில் கட்டுப்பாட்டை இழந்த லாரியால் 2024 ஜனவரியில் நான்கு உயிர் போனது. இறக்கம் என்பது பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று பார்ப்பதில்லை. புது பேட் டிஸ்க்கோடு படிய, கூட்டமில்லாத சமரோட்டில் பல தடவை மிதமான வேகத்தில் பிடித்துப் பிடித்து ஓட்டுங்கள். மலையில் இறங்கும்போது இன்ஜின் ஓட, ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிட்டு வாருங்கள்.

அதையும் மீறிப் பெடல் கீழே போய்விட்டால் இன்ஜினை அணைக்காதீர்கள். வேகமாகப் பம்ப் அடியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஹாரனை விடாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் பள்ளப் பக்கம் வேண்டவே வேண்டாம்; பாறைப் பக்கம் உரசவிடுங்கள். பெயின்டை அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.