காயத்திற்கு முன்னே வரும் கருணை

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியரை அறியாத வீடு இல்லை. கருவுற்ற தாயின் பெயரைப் பதிவேட்டில் எழுதுபவர் அவர். பச்சிளங் குழந்தைக்குத் தடுப்பூசி போடுபவரும் அவரே. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு வருகின்றனர். தறி ஓசை கேட்கும் வீடாயினும், தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் பெண்ணின் குடிசையாயினும், காவலரைக் கண்டால் மூடிக்கொள்ளும் கதவு இவர்களுக்குத் தயங்காமல் திறக்கிறது.

திறந்த கதவின் வழியே இவர்கள் காண்பது நோயை மட்டுமா? மனைவியின் கையில் கன்றிப்போன தழும்பையும், "படியில் விழுந்துவிட்டேன்" என்ற தயங்கிய மறுமொழியையும், குரல் உயர்ந்தாலே நடுங்கும் பிள்ளையையும் முதலில் காண்பவர்கள் இவர்களே. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய நாட்டின் சராசரியோ 29. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் நம் மாநிலத்திற்கு இது தலைகுனிவன்றோ? காயத்திற்கு மருந்திடும் கைகளே காயம் நேராமலும் தடுக்க இயலுமா என்பதை இங்குச் சிந்திப்போம்.

வன்முறையும் ஒரு தொற்றே

கேரி ஸ்லட்கின் என்னும் அமெரிக்க மருத்துவர் சோமாலியாவின் அகதி முகாம்களில் காலராவையும் காசநோயையும் எதிர்த்துப் போராடியவர். பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் தடுப்புப் பணியில் ஈடுபட்டவர். தாயகம் திரும்பிய அவர், சிகாகோ நகரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தபோது, அவை கொள்ளைநோயைப் போலவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதைக் கண்டார். தொற்றுநோய் பரவிய பகுதியில் என்ன செய்கிறோம்? அப்பகுதி மக்களுள் நம்பிக்கைக்குரியவர்களைத் தேர்ந்து, பயிற்சி அளித்து, நோய் பரவும் இடத்திற்கே அனுப்புகிறோம். அதையே அவர் 2000-ஆம் ஆண்டில் அந்நகரின் ஒரு வட்டாரத்தில் செய்யத் தொடங்கினார். பழிக்குப் பழி வாங்கத் துடிப்பவனிடம் அவன் தெருவைச் சேர்ந்த ஒருவரே சென்று பேசிச் சினத்தைத் தணிப்பது அவர் கண்ட வழி.

இவ்வுண்மை நம் மண்ணுக்குப் புதியதன்று. எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்த கழுகுமலையில், தேர்வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமை பற்றிய வழக்கு 1895-இல் கலகமாக முற்றி உயிர்களைப் பலிகொண்டது. தெருவில் பிறந்த பகை ஊருக்கும், ஊரிலிருந்து அடுத்த தலைமுறைக்கும் தொற்றுகிறது. வீட்டினுள்ளும் இதே நிலைதான். தாய் அடிபடுவதைக் கண்டு வளரும் சிறுவன், தானும் கை ஓங்கக் கற்றுக்கொள்கிறான்.

தர்மபுரி தந்த பாடம்

நம் தமிழகத்திலேயே சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பெருங் கொடுமையை எதிர்த்து நின்ற வரலாறு உண்டு. உசிலம்பட்டி, சேலம், தர்மபுரிப் பகுதிகளில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட செய்தி 1980-களில் நாட்டையே உலுக்கியது. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆயினும் கொடுமையின் அளவு எவ்வளவு என்று எவ்வாறு அறிவது? ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில், இயற்கையாக இறவாத பெண் சிசுக்களுக்கு எதிரே 'சமூகக் காரணங்களால் மரணம்' என்று எழுதப்பட்டிருந்தது. கொலை என்னும் சொல்லை எழுதத் தயங்கிய பேனா, உண்மையை அடியோடு மறைக்கவும் இல்லை. வீடு வீடாகச் சென்ற செவிலியரின் அந்தப் பதிவுகளே, எந்த வட்டாரத்தில் எத்தனை உயிர்கள் போயின என்று கணக்கிட உதவின.

1990-களின் பிற்பகுதியில், டென்மார்க் அரசின் உதவியுடன் நடைபெற்ற சுகாதாரத் திட்டத்தின்கீழ், தர்மபுரி மாவட்டத்தில் 'கலைப்பயணம்' புறப்பட்டது. உள்ளூர் இளைஞரும் இளம்பெண்களும் ஊர் ஊராகச் சென்று, பெண் குழந்தையின் உயிரையும் வரதட்சணையின் கொடுமையையும் தெருநாடகமாக நடித்துக் காட்டினர். செவிலியரோ, முன்னரே பெண் குழந்தைகள் உள்ள கருவுற்ற தாய்மாரைக் குறித்துவைத்து, பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் அவ்வீடுகளுக்கு அடிக்கடி சென்றனர். தாயிடம் மட்டுமன்றி மாமியாரிடமும் கணவரிடமும் பேசினர். நாளடைவில் சிசுக்கொலை குறைந்தது. கருவிலேயே பெண்ணை அழிக்கும் கொடுமை தொடர்ந்ததால், போராட்டம் முடிந்துவிட்டதாகக் கூற இயலாது. எனினும், ஆபத்துள்ள வீட்டை முன்கூட்டியே அறிந்து அணுகினால் உயிரைக் காக்கலாம் என்பது தெளிவாயிற்று.

தாராவியும் ஜாம்கேடும்

நம் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற எத்தனையோ குடும்பங்கள் மும்பையின் தாராவியில் வாழ்கின்றன. அதன் அருகே உள்ள சயான் மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள் பிரிவின் தலைவராக இருந்தவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். அங்கு 1989-இல் தாய்ப்பால் வங்கியை நிறுவியவரும் அவரே. குழந்தையை மருத்துவமனையில் காப்பாற்றினால் போதாது, அது திரும்பிச் செல்லும் வீடும் நலமாக இருக்க வேண்டும் என்றுணர்ந்து, 1999-இல் 'ஸ்நேஹா' அமைப்பைத் தொடங்கினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறையைத் தடுப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. 'சங்கினி', அதாவது தோழி, என்னும் பெயரில் அந்தந்தச் சந்துகளில் வாழும் பெண்களே பயிற்சி பெற்று, துன்புறும் அண்டை வீட்டாரை மருத்துவமனைக்கும் ஆலோசகரிடமும் சட்ட உதவிக்கும் அழைத்துச் செல்கின்றனர்.

வேலூர் மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜினிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர், 1970-இல் மராட்டிய மாநிலத்தின் ஜாம்கேடில் பணி தொடங்கினர். எழுத்தறியாத ஏழைப் பெண்களையே, தாழ்த்தப்பட்ட குலத்தவர் உட்பட, கிராம நலப் பணியாளராக்கினர். எந்தப் பெண்ணின் நிழலும் படக்கூடாதென ஒதுக்கினார்களோ, அவள் கையாலேயே உயர்குலத்தார் மருந்து வாங்கினர். நோய் நீங்கியதோடு, சாதி வேற்றுமையும் தளர்ந்தது.

நாம் செய்ய வேண்டியது

இப்பணியில் பெருங் கவனம் தேவை. கணவரோ மாமியாரோ உடனிருக்கையில் செவிலியர் கேள்வி கேட்டால், அவர் சென்ற பின் அந்தப் பெண்ணுக்கு அடி இரட்டிப்பாகும். ஆகவே தனிமையில் கேட்க வேண்டும். கேட்டதை இரகசியமாகக் காக்க வேண்டும். "பொறுத்துப் போ அம்மா" என்று சொல்லி முடித்துவிடலாகாது. அவளை முந்திக்கொண்டு கணவனைத் தட்டிக் கேட்பதும் ஆபத்து. குடியே காரணமாயின், அவனைக் குடிநோய் மருத்துவத்திற்கு அழைத்துச் செல்வதும் வன்முறைத் தடுப்பே ஆகும்.

சட்டமும் துணை நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்டவர்தாம் முறையிட வேண்டும் என்பதில்லை. வன்முறை நிகழ்ந்தது என்றோ, நிகழக்கூடும் என்றோ நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்கு அறிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு அறிவிப்பவர் மீது சட்டம் பொறுப்பைச் சுமத்தாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் தொலைபேசி எண்களும் உள்ளன. இவ்விரு எண்களையும் வீட்டில் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

அன்பு வாசகர்களே! செவிலியரும் தன்னார்வலரும் நம் தெருவிலேயே வாழும் பெண்கள். ஒரு வீட்டின் துயரை வெளிக்கொணர்ந்தால், மறுநாள் அதே தெருவில்தான் அவர்கள் நடந்தாக வேண்டும். "பிறர் குடும்பத்தில் உனக்கென்ன வேலை?" என்று மிரட்டப்படும்போது, அவர்களுக்கு அருகே நிற்கப் போவது யார்? அன்பியக் கூட்டங்களில் ஒருநாள் உங்கள் ஊர்ச் செவிலியரை அழைத்து, அவர் கூறுவதைக் கேளுங்கள். அடுத்த வீட்டில் அலறல் கேட்கும் இரவில் வானொலியின் ஒலியைக் கூட்டாமல், நால்வராகச் சென்று கதவைத் தட்டுங்கள். பெண் விடுதலையைப் பாடிய பாரதி பிறந்த எட்டயபுரத்து வட்டாரத்தில், அடிபட்டு அழும் பெண் தனித்துவிடப்படலாகாது.